மடக்கிக் குடு

பலூன் வெடித்த சத்தம் நினைவில் இல்லை. துப்பாக்கியை மடக்கிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா, சித்திரை மாதம். முல்லையாற்றில் குளித்து ஈரத் துணியோடு தீச்சட்டி ஏந்தி வருகிற கூட்டத்தைத் தாண்டினால் ராட்டினம், அதற்கடுத்து பஜ்ஜிக் கடைகள், அதற்கும் அடுத்து பலகையில் வரிசையாகப் பலூன் கட்டிய கடை. எனக்கு எட்டு வயது. கடைக்காரர் துப்பாக்கிக் கட்டையைத் தொடையில் ஊன்றி, குழலின் நுனியைப் பிடித்துக் கீழே அழுத்தினார். இடுப்பொடிந்ததுபோல் துப்பாக்கி இரண்டாக மடங்கியது. உள்ளே ஏதோ போய் மாட்டிக்கொண்டது: 'கடக்'. குழலின் பின்வாயில் ஈய ரவை ஒன்றைக் கட்டைவிரலால் திணித்து, நிமிர்த்தி, என்னிடம் நீட்டினார். மாமா பின்னால் நின்று தாங்கிக்கொண்டார். பச்சைப் பலூனைக் குறிவைத்துச் சுட்டேன். ரவை ஒரு சாண் இடப்பக்கம் தள்ளிப் பலகையில் பட்டது.

"நீ வச்ச குறி சரிதான் பாப்பா. இந்தத் துப்பாக்கி அங்கிட்டு இழுக்குது. அடுத்ததை ஒரு சாண் இங்கிட்டுத் தள்ளி வையி" என்றார் மாமா.

அடுத்த ரவைக்குப் பலூன் போனது. போனதைவிட, துப்பாக்கிக்கும் ஒரு பழக்கம் உண்டு, அதைத் தெரிந்துகொண்டால் அது நம் பேச்சைக் கேட்கும் என்ற செய்திதான் அன்று எனக்குப் பெரிதாக இருந்தது.

மாமாவிடம் சொந்தமாக ஒரு ஏர்கன் இருந்தது. 1974 இல் மதுரையில் வாங்கியது. உள்நாட்டுத் தயாரிப்புதான், ஆனால் ஜெர்மனியின் ராஸ்டாட் ஊரில் 1890 இல் தொடங்கிய டயானா நிறுவனத்தின் 35ஆம் மாடலைப் பார்த்துச் செய்தது என்று பெருமையாகச் சொல்வார். சின்னமனூரில் அம்மாச்சி வீட்டு அரங்கு அறையில், நெல் குதிருக்குப் பின்னால், பழைய வேட்டியில் சுற்றி நிற்கும். பள்ளி விடுமுறை விட்டதும் நான் முதலில் போய்ப் பார்ப்பது அதைத்தான். அம்மாச்சி ஒரே ஒரு விதி போட்டிருந்தாள்: உயிருள்ள எதன் மீதும் ரவை படக்கூடாது. அணில் கொய்யாவைக் கடித்தாலும் சரி, கிளி சோளக்கதிரில் உட்கார்ந்தாலும் சரி. அதனால் நாங்கள் சுட்டதெல்லாம் சோடா மூடி, கொட்டாங்குச்சி, காலித் தீப்பெட்டி. மாட்டுக்கொட்டகையின் பின்சுவரில் மணல் நிரப்பிய சாக்கு மூட்டைகளை ஆள் உயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தார் மாமா. சாக்குக்குப் பின்னால் சுவர், சுவருக்குப் பின்னால் எங்கள் தோட்டம். இந்த மூன்றும் இல்லாத திசையில் குழல் திரும்பினால் துப்பாக்கி அன்றைக்கு அரங்குக்குப் போய்விடும்.

அந்தத் துப்பாக்கியை மடக்க எனக்குத் தெம்பில்லை. வளர்ந்தவர்களுக்கே பதினைந்து கிலோ தூக்குகிற முயற்சி வேண்டும். இரண்டு கையாலும் குழலைப் பிடித்துத் தொங்குவேன். பாதி வரை வரும், பிறகு என்னையே மேலே தூக்கிவிடும். "மடக்கிக் குடுங்க மாமா" என்பேன். அவர் முகத்தைக்கூடத் திருப்பாமல் பேசிக்கொண்டே மடக்கிக் கொடுப்பார். மூன்று கோடை அப்படிப் போனது. நாலாவது கோடையில், பதின்மூன்று வயதில், ஒரு மத்தியான நேரம் யாரும் இல்லாத கொட்டகையில் குழலை அழுத்தியபோது பாதியைத் தாண்டியது. கை நடுங்கியது. இன்னும் கொஞ்சம். 'கடக்'. அந்தச் சத்தத்தை நானே உண்டாக்கினேன். மாடு திரும்பிப் பார்த்தது. எனக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

சுருள்வில் துப்பாக்கியில் எனக்குள்ள பிரியத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. அந்த ரவையைத் தள்ளப்போகிற பலம் முழுவதும் சற்று முன்பு வரை என் தோளில் இருந்தது. அதை எடுத்து இரும்பு வில்லுக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறேன். வெளியிலிருந்து ஒன்றும் வரவில்லை. வெடிமருந்து இல்லை, சிலிண்டர் இல்லை. உண்மையில் காற்றுக்கூட அதற்குள் முன்கூட்டி அடைபட்டுக் கிடப்பதில்லை. குழலை மடக்கும்போது ஒரு பிஸ்டன் பின்னால் போய், வில்லை அமுக்கிக்கொண்டு கொக்கியில் மாட்டி நிற்கிறது. முன்னால் இருப்பது சாதாரணக் காற்று, நாம் மூச்சு விடுகிற அதே காற்று. விசையை இழுத்தால் கொக்கி விடுபட்டு, வில் பிஸ்டனை முன்னால் விரட்டுகிறது. அப்போதுதான் காற்று நெரிபடத் தொடங்குகிறது. நெரிபட்ட காற்று ஒரு சின்னத் துளை வழியாகப் பீறிட்டு, அரை கிராம் எடையுள்ள ரவையைத் தள்ளுகிறது. விசையை இழுத்ததிலிருந்து ரவை குழலை விட்டு வெளியேறும் வரை எல்லாம் நொடியில் நூறில் ஒரு பங்கு, கொஞ்சம் கூடக்குறைய.

அந்த நூறில் ஒரு பங்குக்குள்தான் சங்கதியே இருக்கிறது. கனமான பிஸ்டன் முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும். பிஸ்டன் தன் ஓட்டத்தின் கடைசியில் நெரிபட்ட காற்றின் மேல் மோதி நிற்கும்போது துப்பாக்கி முன்னால் இழுக்கும். பின்னால் ஒன்று, முன்னால் ஒன்று. பெரியம்மா மகன் துபாயிலிருந்து வந்தபோது ஒரு தொலைநோக்கிக் குறி வாங்கி வந்து மாமாவின் துப்பாக்கியில் மாட்டினான். வெடிமருந்துத் துப்பாக்கிக்கான கருவி அது. பின்னுதைப்பைத் தாங்குவதற்கென்றே செய்தது. ஒரு மாதத்துக்குள் உள்ளே இருந்த கூட்டல்குறிக் கம்பி அறுந்து தொங்கியது. முன்னால் இழுக்கிற உதையை அது எதிர்பார்க்கவில்லை.

இத்தனையும் ரவை இன்னும் குழலுக்குள் இருக்கும்போதே தொடங்கிவிடுகிறது. அதனால் சுடுகிறவர் பிடித்திருக்கும் விதம் ரவை போகும் இடத்தை மாற்றும். இது எனக்குப் புத்தகத்திலிருந்து தெரிந்ததல்ல. பதினான்கு வயதில், ஆடாமல் சுட வேண்டும் என்ற ஆசையில், துப்பாக்கியைக் கிணற்றின் கைப்பிடிச் சுவரில் வைத்து, கட்டையைத் தோளில் இறுக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு சுட்டேன். ஐந்து ரவையும் தீப்பெட்டிக்கு மேலே நாலு விரல் உயரத்தில் சாக்கைத் துளைத்தன. குறியில் பிசகு இல்லை, கை ஆடவும் இல்லை. அழுகை வந்துவிட்டது.

மாமா என் இடது கையை எடுத்துச் சுவரின் மேல் மல்லாக்க வைத்தார். விரித்த உள்ளங்கையில் துப்பாக்கியைக் கிடத்தினார். "விரலை மடக்காத. இறுக்கிப் புடிச்சா அது உன்கூடச் சண்டை போடும். சும்மா தாங்கு. அது எங்கிட்டுப் போகணுமோ போயிட்டு வரட்டும்." தோளில் கட்டை பட்டும் படாமலும் இருந்தது. விசையை இழுத்தேன். துப்பாக்கி பின்னால் போய் முன்னால் வந்து என் உள்ளங்கையில் மறுபடி படுத்துக்கொண்டது. தீப்பெட்டி எகிறி விழுந்தது.

இன்னொன்றும் சொன்னார்: "சுட்டதும் தலையைத் தூக்காத. சுட்ட பெறகும் பாத்துக்கிட்டே இரு." மற்றத் துப்பாக்கிகளுக்கும் இது விதிதான். ஆனால் சுருள்வில்லில் அதற்கு உடனடிக் கூலி உண்டு. ரவை இன்னும் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும்போது தலையைத் தூக்குகிறவருக்கு அது தன் போக்கில் பதில் சொல்லிவிடும்.

அதே வருடம் ஒரு தப்பும் செய்தேன். துப்பாக்கியை மடக்கி, குழல் திறந்து தொங்கும் நிலையில் ரவை டப்பாவைத் தேடிக் கையை நீட்டியபோது இன்னொரு கையின் விரல் விசையில் பட்டுவிட்டது. அமுங்கிய வில் முழுவதும் குழலை மேல்நோக்கி அடித்தது. கட்டையின் கழுத்தில், நாம் கை பிடிக்கும் இடத்தில், நீளமாக விரிசல் விழுந்தது. குழலுக்கும் உடம்புக்கும் நடுவில் அப்போது என் விரல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையை வேறு கையால்தான் எழுதியிருப்பேன். மாமா திட்டவில்லை. விரிசலில் வச்சிரப் பசை ஊற்றி, செம்புக் கம்பி சுற்றி இறுக்கினார். ரவை வைக்கும்போது ஒரு கை குழலை விடவே கூடாது என்பதை அன்றிலிருந்து என் கை எனக்குச் சொல்லாமலே செய்கிறது. அந்தச் செம்புக் கம்பி இன்றும் அங்கே இருக்கிறது. பிடிக்கும்போது உள்ளங்கையில் உறுத்தும்.

துப்பாக்கி ஒரு கோடையில் பலம் குறைந்துபோனது. ரவை சாக்கைத் துளைக்காமல் விழுந்தது. பிஸ்டனின் நுனியில் உள்ள தோல் வாஷர் காய்ந்துவிட்டது என்றார் மாமா. சைக்கிள் பம்பில், கைப்பம்பில் எல்லாம் இருக்கிற அதே கிண்ண வடிவத் தோல்தான். சின்னமனூரில் மோட்டார் பம்ப் பழுது பார்க்கிறவரிடம் எடுத்துப் போனோம். பின்பக்க மூடியைச் சும்மா கழற்றினால் வில் சீறிக்கொண்டு முகத்தில் அடிக்கும் என்பதால் அவர் வைஸில் பிடித்து, திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, வில்லை ஓய்வுக்குக் கொண்டுவந்தார். ஒரு முழ நீளம் இருந்தது அது. புதுத் தோலை எண்ணெயில் ஊறவைத்து, பிஸ்டனின் அளவுக்கு வார்த்துப் பொருத்தினார். மாலைக்குள் வேலை முடிந்தது. ஊரில் இருக்கிற பட்டறைக்காரர் ஒருவர் திறந்து, புரிந்துகொண்டு, சரிசெய்து மூடிவிடக்கூடிய பொருள் அது. இதை நான் சின்ன விஷயமாக நினைப்பதில்லை.

வாஷருக்கு வாரம் இரண்டு சொட்டு தையல் மெஷின் எண்ணெய். ஆசையில் அதிகம் விட்டால் அடுத்த சூட்டில் 'டமார்' என்று சத்தம், குழல் நுனியில் நீலப் புகை, எண்ணெய் கருகிய வாசனை. காற்றை அவ்வளவு வேகமாக நெரிக்கும்போது அது எண்ணெய் பற்றுகிற அளவுக்குச் சூடாகிவிடுகிறது. வயலில் ஓடுகிற டீசல் எஞ்சினும் இதே சூட்டில்தான் எரிகிறது. அதற்குத் தீப்பொறி வைக்க ஆள் தேவையில்லை. அந்த வாசனை துப்பாக்கிக்கு நல்லதில்லை, வில்லைக் கெடுக்கும். ஆனாலும் இன்றைக்கு எங்காவது அது மூக்கில் ஏறினால் நான் கொட்டகையில் நிற்கிறேன்.

கரண்ட் போன ராத்திரிகளில் மெழுகுவர்த்தி விளையாட்டு. மணல் சாக்குக்கு முன்னால் மெழுகுவர்த்தியை ஏற்றிவைத்து, எட்டு ஒன்பது மீட்டர் தள்ளி நின்று சுட வேண்டும். மெழுகில் பட்டால் தோல்வி. திரியில் பட்டால் அரை வெற்றி. சுடரை ஒட்டி ரவை போய், சுடர் மட்டும் அணைந்து, மெழுகுவர்த்தி அசையாமல் நின்றால் வெற்றி. முன்குறியின் முனை இருட்டில் தெரியாது. சுடரின் மேல் வரும்போது மட்டும் கறுப்பாய் எழும். அந்தக் கணத்தில் கையைத் தளர்த்தி விசையை அமுக்க வேண்டும். அணைந்ததும் மொத்தக் கொட்டகையும் இருண்டு, மாடுகளின் மூச்சு மட்டும் கேட்கும். பிறகு மாமா தீக்குச்சி உரசுவார். ஒரு ராத்திரிக்குப் பத்துப் பன்னிரண்டு ரவைக்கு மேல் ஆகாது. தோள் வலித்துவிடும். ஒவ்வொரு ரவைக்கும் அதற்குரிய உழைப்பைக் கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்பதால் ஒன்றைக்கூட வீணாக்க மனம் வராது.

2012 ஜூலையில் லண்டன் ஒலிம்பிக்கில் ககன் நாரங் பத்து மீட்டர் ஏர் ரைஃபிளில் வெண்கலம் வாங்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்த என் மகள், நானும் சுடுவேன் என்றாள். அவளுக்குப் பதினொரு வயது. மதுரையில் ஒரு ரைஃபிள் கிளப்பில் சேர்த்தோம். அங்கேதான் பிசிபி துப்பாக்கியை முதன்முதலாகக் கையில் எடுத்தேன். முன்கூட்டியே காற்றடைத்த வகை. குழலுக்குக் கீழே ஒரு சிலிண்டர். அதில் 200 பார் அழுத்தம். கார் டயரில் 32 பவுண்டு அடிக்கிறோமே, அந்தக் கணக்கில் இது 2,900. பெரிய சிலிண்டரிலிருந்து குழாய் வைத்து நிரப்புவார்கள். ஒரு தடவை நிரப்பினால் ஒரு போட்டிக்குத் தேவையான அத்தனை சூட்டுக்கும் போதும்.

சுட்டுப் பார்த்தேன். துப்பாக்கி அசையவே இல்லை. சின்னதாய் ஒரு 'டப்'. குறிவளையத்துக்குள் இலக்கு நின்ற இடத்திலேயே நின்றது. பத்து மீட்டர் தாளில் பத்தாம் வளையம் என்பது வெறும் 0.5 மில்லிமீட்டர், பேனா முனை வைத்த புள்ளி. அந்தப் புள்ளியைத் தொடுவதற்கு இப்படிப்பட்ட அசையாமைதான் வேண்டும். 2008 இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியபோது கடைசி ரவைக்கு 10.8 எடுத்தார். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோ வரை போனதும் இந்த வகைத் துப்பாக்கியோடுதான். துப்பாக்கி தன் பங்குக்கு எதையும் சேர்க்காது; தவறினால் தவறு முழுக்கச் சுட்டவருடையது. போட்டிக்கு அது நியாயமான கருவி. என் மகள் வளர்ந்தது அதில்தான், அவளுக்கு அது கிடைத்ததில் எனக்கு நன்றி உண்டு.

ஆனால் அன்று இருபது ரவை சுட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பியபோது என் தோளில் ஒன்றும் இல்லை. உள்ளங்கையில் ஒன்றும் இல்லை. யாரோ அடைத்த காற்றில் யாரோ சுட்டதுபோல் இருந்தது. இருபது ரவையில் ஒன்றைக்கூடத் தனியாக நினைவு வைத்திருக்க முடியவில்லை. மாமாவின் துப்பாக்கியில் முப்பது வருடத்துக்கு முன்பு சுட்ட சில ரவைகளை இப்போதும் என்னால் எடுத்துச் சொல்ல முடியும்.

பிசிபி புதிய கண்டுபிடிப்பு, சுருள்வில் பழையது என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். அப்படியில்லை. 1780ஆம் ஆண்டு வாக்கிலேயே ஆஸ்திரியப் படையில் ஜிரார்டோனி என்ற காற்றுத் துப்பாக்கி இருந்தது. அதன் கட்டையே காற்றுக் கலன். இருபது குண்டு கொள்ளும். 1804 இல் அமெரிக்காவின் மேற்கை நோக்கிப் புறப்பட்ட லூயிஸ், கிளார்க் குழுவும் அந்த மாதிரி ஒன்றை எடுத்துப் போனது. கலனை நிரப்ப ஏறத்தாழ 1,500 தடவை பம்ப் அடிக்க வேண்டும். அவ்வளவையும் முதலிலேயே அடித்துவிட்டு, பிறகு சும்மா சுடுவது. ஒவ்வொரு ரவைக்கும் ஒரு மடக்கு என்பதை நான் வேண்டுமென்றே தேர்ந்தெடுக்கிறேன். பழைய காலத்தில் மாட்டிக்கொண்டதால் அல்ல.

சுருள்வில்லும் ஒரு காலத்தில் போட்டிகளை ஆண்டிருக்கிறது. கிளப்பில் ஒரு மூத்தவர் ஃபைன்வெர்க்பாவ் 300 வைத்திருந்தார். பக்கவாட்டு நெம்புகோலை இழுத்து வில்லை ஏற்றுவது. சுடும் கணத்தில் குழலும் பிஸ்டனும் சேர்ந்த மேல்பகுதி முழுவதும் கட்டைக்குள் தண்டவாளத்தில் ஓடுவதுபோல் பின்னால் வழுக்கிப் போகும். தோளுக்கு உதை வராது. கன்னத்துக்குப் பக்கத்தில் இரும்பு மெல்ல நகர்ந்து நின்றது. உதைப்பை ஒழிக்காமல், அதற்கு நடமாட ஓர் இடம் ஒதுக்கிக் கொடுத்திருக்கிறார்கள். மாமா என் உள்ளங்கையை விரித்து வைத்துச் செய்ததும் அதையேதான். ஒபெர்ன்டோர்ஃப் ஊர்ப் பொறியாளர்கள் இரும்பில் செய்ததைச் சின்னமனூரில் ஒருவர் என் கையில் செய்திருக்கிறார் என்று அவரிடம் சொல்லத் தோன்றியது. போன் போட்டுச் சொன்னேன். "அப்படியா" என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

பிசிபி சிலிண்டருக்குத் தயாரிப்பாளர்கள் பத்து வருட ஆயுள் குறிக்கிறார்கள். மகளின் சிலிண்டரில் தேதி பொறித்திருக்கிறது. மாமாவின் துப்பாக்கிக்கு அரை நூற்றாண்டு ஆகிறது. இரண்டு வில்லும் நாலு வாஷரும் மாறியிருக்கின்றன.

போன மார்கழியில் சின்னமனூர் போயிருந்தோம். மாமாவுக்கு எண்பதை நெருங்குகிறது. வலது தோள் காதுக்கு மேல் எழும்பாது. கொட்டகையில் இப்போது மாடு இல்லை. மணல் சாக்கை மட்டும் புதிதாக மாற்றி வைத்திருந்தார். மெழுகுவர்த்தியை மகள் ஏற்றினாள். அவர் துப்பாக்கியை வாங்கி, குழலைப் பிடித்து, ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். கால்வாசி வந்து நின்றது. பிடியை மாற்றி இன்னொரு தடவை அழுத்தினார். பிறகு என் பக்கம் நீட்டினார்.

"மடக்கிக் குடு பாப்பா."

தொடையில் ஊன்றி மடக்கினேன். குழலை விடாமல் ரவை வைத்து நிமிர்த்திக் கொடுத்தேன். நாற்காலியில் உட்கார்ந்தபடியே முழங்காலில் இடது முழங்கையை ஊன்றி, உள்ளங்கையை விரித்து அதில் துப்பாக்கியைக் கிடத்தினார். வெகுநேரம் பார்த்தார். சுட்டார். சுடர் ஒரு பக்கம் சாய்ந்து, படபடத்து, மறுபடி நிமிர்ந்து நின்றது. தலையைத் தூக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தாத்தா, ஒரு நூல் இடப்பக்கம்" என்றாள் மகள்.

"தெரியும்" என்று சொல்லித் துப்பாக்கியை மறுபடி என்னிடம் நீட்டினார்.